கடைசி வரி இருந்த இடத்தில் ஒரு பூக்கோடு

பக்கம் பார்க்கப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

கையளவுக் கதைகளை எப்படித் தெரிந்தெடுப்பது, எப்படித் திருத்துவது, எழுதத் தொடங்குகிறவர்கள் எங்கே வழுக்கி விழுவார்கள், இதையெல்லாம் உங்கள் அனுபவத்திலிருந்து எழுதித் தாருங்கள் ஐயா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். கேட்ட குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் கதைப் பெட்டியில் என் கதை வந்ததைப் பற்றியும், அதன் கடைசி வரி காணாமல் போயிருந்ததைப் பற்றியும், வரி இருந்த இடத்தில் ஒரு பூக்கோடு கிடந்ததைப் பற்றியும் அந்தக் குரல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருக்கட்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன். சண்டைக்கு வரவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முப்பத்தொரு வருடம் நீங்கள் இப்போது இருக்கும் அதே மேசையில் இருந்தவன் நான். ஊர்ச் செய்திகளைத் திருத்துவதும் வெட்டுவதும் என் தொழில். வெட்டுவதற்கு எங்களிடம் ஒரே சட்டம்தான் இருந்தது: அடியிலிருந்து வெட்டு. செய்தியில் முக்கியமானது தலையில் இருக்கும். போகப் போக உப்புச் சப்பு குறையும். அடியில் கிடப்பது ‘கூட்டம் நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது’ என்ற வரி. இடம் போதாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துவிடலாம், ஒருவரும் தேடி வரமாட்டார்கள். அப்படி நான் வெட்டிய நன்றியுரைகளை அடுக்கினால் வாவியைத் தூர்த்துவிடலாம்.

களுவாஞ்சிக்குடியில் கட்டடம் திறந்தால் செய்தி அனுப்பிய நிருபரின் பெயர் வரும். திறந்தவரின் பெயர் மூன்று தடவை வரும். திருத்தியவனின் பெயர் வராது. இத்தனை வருடத்தில் எங்கள் பத்திரிகையில் என் பெயர் ஒரே ஒரு முறைதான் வந்தது. என் தாயாரின் மரண அறிவித்தலில், பிள்ளைகளின் வரிசையில், அதுவும் பிழையாக. அன்று நான் லீவு.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போதுதான் பத்திரிகை ஆசிரியர் அந்தப் பெட்டியைத் தொடங்கினார். ‘கையளவுக் கதை’, நூற்றிருபது சொல்லுக்குள். ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னை ‘அண்ண’ என்றுதான் கூப்பிடுவார். பெட்டியை என் பொறுப்பில் விட்டார். எனக்கு அன்றே ஒரு ஆசை பிடித்தது. போவதற்கு முன் இந்தப் பெட்டியில் ஒரு கதை என் பெயரில் வரவேண்டும். முப்பத்தொரு வருடம் ஊரார் எழுதியதையெல்லாம் சுருக்கியவனுக்குச் சின்னக் கதை எழுதுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

முதல் கதையை ஒரே இருப்பில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் வாசித்தார். மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லா இரிக்கு அண்ண. ஆனா ஆள் எப்ப வாறார்?”

எண்ணிப் பார்த்தேன். வாவியில் சூரியன் உதிப்பதற்கே தொண்ணூற்றிநாலு சொல் போயிருந்தது. மிச்சம் இருபத்தாறு சொல்லுக்குள் ஒரு மீனவன் வந்து, வலை வீசி, கடன்பட்டு, மனம் திருந்த வேண்டியிருந்தது. பாவம், அவனுக்கு மூச்சு விடவே இடமில்லை.

இரண்டாவது கதையில் ஒருவன் ஊரெல்லாம் நடந்து எல்லாரோடும் பேசுவான், ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். கடைசியில்தான் தெரியும், அவன் செத்து மூன்று நாள். இந்தத் திருப்பம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது என்று நம்பினேன். ஆசிரியர் மேசை லாச்சியை இழுத்து ஒரு கட்டுத் தாளைக் காட்டினார். “இந்த மாசம் மட்டும் நாலு பேர் இப்பிடிச் செத்து வந்திரிக்காங்க அண்ண.” உங்களுக்கும் வருவார்கள். வரும்போது சிரிக்காதீர்கள், அந்தத் திருப்பத்தை எழுதாமல் ஒருவரும் அடுத்த கதைக்குப் போவதில்லை.

இந்த நிலையில்தான் அந்த உறை வந்தது. கடித உறை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்துக் குளிசை போட்டுக் கொடுக்கும் சின்னக் கடதாசி உறை. அதைப் பிரித்து, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு கதை. அனுப்பியவர் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர், வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கம், ஒவ்வொரு நாளும் காலையில் வாவியைக் கடந்து வேலைக்குப் போகிறவர். பெயர் சொல்லமாட்டேன். இப்போது அவருடைய கதைகளைக் கொழும்பிலிருந்தும் கேட்கிறார்களாம். கேட்கட்டும். நான் வேறு எதற்கு விளம்பரம் கொடுக்க வேண்டும்?

கதை இதுதான்:

‘இருமல் மருந்துக்குப் போத்தல் கொண்டு வரச் சொல்வோம். அந்தப் பெண் எப்போதும் சாராயப் போத்தலைக் கழுவிக் கொண்டு வருவாள். ஒரு நாள் வெறுங்கையோடு வந்தாள். போத்தல் எங்கே என்று அதட்டினேன். “வீட்ட போத்தல் இல்ல மிஸ்” என்று சொல்லிச் சிரித்தாள். அலுமாரியெல்லாம் தேடி நானே ஒரு போத்தல் எடுத்துக் கொடுத்தேன்.’

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். மிச்சக் கதை எங்கே? வெளிப்பக்கத்தில் ‘காலை 1, இரவு 1’ என்று அச்சடித்திருந்தது, அவ்வளவுதான். இதென்ன கதை, போத்தல் இல்லையென்றால் இல்லை, இதற்கு ஒரு முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டுமா என்று பையில் போட்டுக்கொண்டு தன்னாமுனை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி றால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் பத்திரிகைக்காரி இல்லை, கதை கிதை வாசிக்கிறவளும் இல்லை. சும்மா பேச்சுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கை நின்றுவிட்டது.

“கடவுளே! விட்டுட்டானாக்கும்.”

“என்னத்த விட்ட?”

“குடிய! இதென்ன மனிசன் நீங்க. வீட்ட போத்தல் இல்லயெண்டா என்ன அர்த்தம்? அந்தப் புள்ள ஏன் சிரிச்ச?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எழுதிய வரியில் இல்லாத ஒரு புருஷன், எழுதாத ஒரு வீடு, எழுதாத எத்தனை வருட அடி உதை, எல்லாவற்றையும் றால் நாற்றத்தோடு இருந்த ஒருத்தி ஒரு நொடியில் கண்டுவிட்டாள். நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். எழுதியவரைக் கண்டும் எரிச்சல், விளங்கிக்கொண்டவளைக் கண்டும் எரிச்சல். அன்று றால் குழம்பு வாய்க்கு ருசிக்கவில்லை.

கதை பெட்டியில் வந்தது. கடிதங்களும் வந்தன. பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு உறை. ஒவ்வொன்றும் நல்லாயிருந்தது. நல்லாயிருக்கிறது என்பது இப்போது எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது, அதுதான் வினை. முன்பென்றால் விளங்காமல் நிம்மதியாக இருந்திருப்பேன். உறை வந்த நாளில் நான் என் கதையை லாச்சிக்குள் தள்ளிவிடுவேன். அவருடைய கதையைப் பெட்டியில் போடாமல் பின்னுக்குத் தள்ள ஒரு காரணம் தேடுவேன், கிடைக்காது. எழுத்துப் பிழையாவது இருக்குமா என்று பார்ப்பேன், அதுவும் இருக்காது. பொறாமை என்றால் சும்மா பொறாமை இல்லை. சோறு இறங்காத பொறாமை.

ஒரு நாள் எனக்குப் புத்தி எந்த அளவுக்குக் கெட்டது என்றால், இரகசியம் அந்த உறையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். தாள் பெரிதாக இருப்பதால்தான் எனக்கு வளவளவென்று வருகிறது, உறையில் எழுதினால் எனக்கும் வரும். ஏறாவூரில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். குளிசை வேண்டாம், குளிசை போடுகிற வெறும் உறை ஒரு கட்டுத் தாருங்கள் என்றேன். அங்கே நின்ற பெண் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு என்ன வருத்தம் வாப்பா?” என்று கேட்டது. என் நோய்க்கு என்ன பெயர் சொல்வது? கடையை விட்டு இறங்கிவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்தது.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவருடைய பாதைக் கதை வந்தது. பாதை என்றால் தெரியும்தானே, வாவியில் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. கதை இப்படி:

‘இன்று பாதையில் ஒரு பக்கம் கலியாண வீட்டார், மற்றப் பக்கம் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள். கலியாண வீட்டுப் பெண் ஒருத்தி மெதுவாகத் தலையிலிருந்த பூவைக் கழற்றி மடியில் மறைத்தாள். செத்தவீட்டு வெள்ளைச் சேலைக்காரி எழும்பி வந்தாள். “வைகா புள்ள, வாடிரும்” என்று பூவை எடுத்து அவள் தலையிலேயே வைத்துவிட்டாள். வாழ்வும் சாவும் ஒரே மிதவையில் ஏறிய இரண்டு பயணிகள்தானே.’

அந்தக் கடைசி வரியை வாசித்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. என்ன வரி! சுவரில் எழுதி மாட்டலாம். நான் எத்தனை கதையில் இப்படி ஒரு வரிக்காகத் தலைகீழாக நின்றேன், குளிசை எண்ணுகிற மனிசிக்கு இது எப்படி வந்தது? பூவும் வெள்ளைச் சேலையும் எனக்குக் கண்ணில் படவே இல்லை. கடைசி வரி, கடைசி வரி, அது மட்டும்தான்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகவேண்டும். மத்தியானம் ஒரு செத்தவீட்டாரின் முப்பத்தோராம் நாள் நன்றி அறிவித்தல் வந்தது. பெட்டியை ஒரு வரி சுருக்கினால்தான் அது அடங்கும். எந்த வரியை வெட்டலாம் என்று நான் பார்க்கவே இல்லை. முதல் வரியில் ஒரு சொல்லைக் குறைத்திருந்தால் போதும், அது எனக்குத் தெரியும். ஆனால் சட்டம் என்ன? அடியிலிருந்து வெட்டு. வெட்டினேன். கேட்டால் சட்டத்தைச் சொல்லலாம்.

மூன்றரைக்கு நன்றி அறிவித்தல்காரர்கள் தொலைபேசி எடுத்தார்கள். படத்தோடு அடுத்த கிழமை போடுகிறார்களாம், இந்தக் கிழமை வேண்டாமாம். இடம் திரும்ப வந்துவிட்டது. வெட்டிய வரியைத் திரும்பப் போட ஒரு நிமிடம் போதும். நான் போடவில்லை. ஒரு பூக்கோட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். இடம் மிஞ்சினால் அடைக்க நாங்கள் போடும் அலங்காரக் கோடு. பசியோடு வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

ஞாயிறு விடிந்தது. முதல் தொலைபேசி ஆரையம்பதியிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. “ஐயா, அந்தப் பூவைத் தலையில வச்சதோட நிப்பாட்டினாங்க பாருங்க! எனக்கு அழுகை வந்திட்டு.” அதற்குப் பிறகு ஒரு பெரியவர். பிறகு ஒரு வங்கிக்காரர், அவரும் அழுதாராம். எல்லாரும் அழுத இடம் பூக்கோடு கிடந்த இடம். நான் தொலைபேசியை வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்து வாசித்தேன். வெள்ளைச் சேலைக்காரி பூவை வைக்கிறாள். கதை முடிந்துவிட்டது. சுவரில் மாட்ட வேண்டிய அந்த வரியை மனதுக்குள் சேர்த்து வாசித்துப் பார்த்தேன். நல்ல பாட்டு முடிந்த பிறகு ஒலிபெருக்கியில் ஒருவன் வந்து ‘இது சோகப் பாட்டு’ என்று சொன்ன மாதிரி இருந்தது.

நான் பொறாமைப்பட்டதே பிழையான வரிக்கு! கொலை செய்யப் போனவன் குளிப்பாட்டி விட்டு வந்திருக்கிறான். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

திங்கட்கிழமை ஆசிரியர் உறையைப் பிடித்துக்கொண்டு வந்தார். “இந்தக் கடைசி வரிய எடுத்தது ஆரு?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். இன்னும் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். “உங்களுக்குக் கதை பிடிபட்டிட்டு அண்ண. கடைசிக் கிழமைப் பெட்டியில உங்கட பேரப் போடுவம். ‘செம்மையாக்கம்’ எண்டு அடியில.” என் பெயர். பிழையில்லாமல். நான் தலையாட்டினேன். உங்களுக்குப் பொய் சொல்லி என்ன, மறுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கடைசிக் கிழமை வந்தது. புதன்கிழமை அவருடைய உறையும் வந்தது:

‘வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் நிலாவும் கீறிக் கொடுப்பேன். சூரியன் என்றால் காலை, நிலா என்றால் இரவு. ஒரு தோணிக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “விளங்கல்லயா ஐயா?” “விளங்குது புள்ள. ஆனா நான் ராவில தொழிலுக்குப் போற ஆள். எனக்கு நிலாதான் விடியல்.” உறையை வாங்கி, சூரியனையும் நிலாவையும் வெட்டிவிட்டு, ஒரு சோற்றுக் கோப்பையைக் கீறிக் கொடுத்தேன்.’

கூடவே ஒரு துண்டு: ‘பாதைக் கதையின் கடைசி வரியை வெட்டினவருக்கு என் நன்றி. அந்த வரியோடு நான் இரண்டு நாள் மினக்கெட்டேன். இந்தக் கதையின் கடைசி வரியிலும் எனக்குச் சந்தேகம். வெட்டுவதும் விடுவதும் உங்கள் கையில்.’

பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதையும் அடங்கி என் பெயரும் அடங்க ஒரு வரி இடம் போதவில்லை. மேலே ஒரு சொல்லைத் தட்டி அடக்கலாமா என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். நம்புங்கள், இந்த முறை உண்மையாகவே பார்த்தேன். தட்ட ஒரு சொல்லும் இல்லை. சோற்றுக் கோப்பை இருந்தால் என் பெயர் இல்லை. என் பெயர் இருந்தால் சோற்றுக் கோப்பை இல்லை.

வெட்டினால் ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் இதில் உள்ள பொல்லாத்தனம். ‘எனக்கு நிலாதான் விடியல்’ என்று கதை அழகாக முடியும். வாசகர்கள் அழுவார்கள். எழுதியவரே அனுமதி தந்திருக்கிறார், ஆசிரியர் என்னைக் கெட்டிக்காரன் என்று நம்பியிருக்கிறார், சட்டமும் அடியிலிருந்து வெட்டு என்கிறது. ஆனால் ஒரு வருடத்துக்கு முன் என்னை எரித்திருக்கக் கூடியது நிலா வரி. இப்போது அது என்னை ஒன்றும் செய்யவில்லை. எரித்தது அந்தச் சோற்றுக் கோப்பை. அவர் ஒன்றும் விளக்கவில்லை, ராவோ பகலோ சாப்பிடும்போது போடச் சொல்லி ஆளுக்கு ஏற்ற மாதிரி உறையைத் திருத்திக் கொடுத்துவிட்டார். அதை நான் எழுதியிருக்கக் கூடாதா என்று வயிறு எரிந்தது.

வியாழன் காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருமண்வெளித் துறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதையில் ஏறிப் பாதைக்காரரிடம் மருந்து மிஸ் யார் என்று கேட்டேன். தாடையால் காட்டினார். வாவியைப் பார்த்தபடி பேனையோடு ஒரு ஆள் இருக்கும் என்று கற்பனை பண்ணி வைத்திருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி சாப்பாட்டுப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தபடி நித்திரை. அதுவே எனக்குப் பாதி ஆறுதல்.

பாதை நகர்ந்த குலுக்கத்தில் விழித்துக்கொண்டார். நான் யாரென்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்களா ஐயா! நான் அந்தப் பக்கத்த வெட்டி வச்சிரிக்கன். அடியில பூக்கோடு கிடந்திச்சுப் பாருங்க, அதப் பாத்தோடனதான் எனக்கு விளங்கின. இடமில்லாம வெட்டல்ல, இடமிரிந்தும் வெட்டியிரிக்கார். எவ்வளவு தெளிவான ஆள் எண்டு நினைச்சன்.”

என் களவுக்குச் சாட்சியாக நான் வைத்த கோட்டை அவர் என் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“மிஸ், நான் அத எரிச்சல்ல வெட்டினன்.”

“என்ன?”

“பொறாமையில. உங்கட கதை நாசமாப் போகட்டும் எண்டு வெட்டினன். அந்த வரிதான் உங்கட கதையிலயே நல்ல வரி எண்டு நினைச்சன்.”

அவர் என்னையே பார்த்தார். பக்கத்தில் ஒருவர் கோழிக் கூடையோடு நின்றார், அவரும் என்னைப் பார்த்தார்.

“நான் உங்களுக்கு நன்றி எழுதி அனுப்பியிரிக்கன்” என்றார். குரல் மாறியிருந்தது. “என்ட புள்ளைகளுக்குச் சொன்னன், எனக்கு ஒரு நல்ல வாசகர் கிடைச்சிரிக்கார் எண்டு. வெக்கமில்லயா உங்களுக்கு?”

“இரிக்கு.”

“இனி உங்கட கையில ஒண்டும் தரமாட்டன்.”

“தரத் தேவயில்ல. இண்டையோட எனக்கு வேலை முடியுது.”

பாதி வாவி தாண்டும்வரை அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் தென்னைகள் பெரிதாகத் தெரியத் தொடங்கிய நேரம் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அந்த வரியவா நல்ல வரி எண்டு நினைச்சீங்க? வாழ்வும் சாவும் ரெண்டு பயணிகள்… ஐயோ கடவுளே!”

அந்தச் சிரிப்பு அவர் கோபத்தைவிட எனக்கு வலித்தது. கோழிக் கூடைக்காரரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

பாதை கரையில் முட்டியது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். “மறுகா, இந்தப் புதுக் கதை. இதில எந்த வரி உங்களுக்கு எரிஞ்ச?”

“சோத்துக் கோப்பை.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். “அப்ப அது இரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். போயிற்று வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கத்தைத் திறந்தேன். ஒரு வரி அதிகம். சட்டம் என்ன? அடியிலிருந்து வெட்டு. பெட்டியின் அடியில் கிடந்தது ‘செம்மையாக்கம்’ என்ற சொல்லும் என் பெயரும். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததை ஒரு முறை வாசித்தேன். பிறகு வெட்டினேன். பூக்கோடு போட இடமே இருக்கவில்லை.

ஆசிரியர் வந்து பார்த்தார். “அண்ண, உங்கட பேர் எங்க?”

“இடமில்ல.”

இந்த முறை அது உண்மை. அந்தக் கதையால் மருந்து மிஸ்ஸுக்கு என்ன பெயர் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் எரிகிறது, குறையவில்லை. ஓய்வு பெற்றால் பொறாமையும் ஓய்வு பெறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எழுதத் தொடங்குகிறவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கண்டது இவ்வளவுதான். வாசிக்கும்போது எந்த வரியில் எரிகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் பிழையான வரியில் எரியும், பரவாயில்லை. எரிகிற இடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மேசையில் இருக்கும் உங்களுக்கும் எரியும். எரியும்போது கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். அல்லது என்னைப் போல வெட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் குருமண்வெளிக்குப் போங்கள்.

இனி என் கதை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் லாச்சியோடு மல்லுக்கட்டி, பதினெட்டு முறை எழுதி, உங்களுக்கு அனுப்பியது. ஒருவன் மருந்துக் கடைக்குப் போகிறான். குளிசை வேண்டாம், வெறும் உறை மட்டும் போதும் என்கிறான். கடைப் பெண் அவனைப் பார்த்து, “உங்களுக்கு என்ன வருத்தம் வாப்பா?” என்று கேட்கிறாள். நீங்கள் போட்ட கதை அதோடு முடிகிறது. நான் எழுதிய கதையில் இன்னும் ஒரு வரி இருந்தது: ‘“பொறாமை” என்றான் அவன்.’

ஞாயிறு முழுக்க உங்களைத் திட்டினேன். பிறகு மனைவியிடம் இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “அவங்க வெட்டினதுதான் நல்லா இரிக்கு” என்றாள். அவளை இனி எதற்கும் கேட்பதில்லை.

அடியில் பூக்கோடு இருக்கிறது, ஆகவே இடம் இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். அதை வெட்டியது உங்களில் யார், நல்லா வரட்டும் என்றா, நாசமாகப் போகட்டும் என்றா? நல்லா வரட்டும் என்றால் நன்றி, ஒரு துண்டு எழுதி அனுப்புகிறேன். எரிச்சலில்தான் வெட்டினேன் என்றால் என் கதையைக் கண்டு எரிந்ததாக வெட்கப்படாமல் என் பெயர் போட்டு எழுதி அனுப்புங்கள். நான் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவேன்.